ஆமை சாதுவல்ல, சுகவீனம்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லிவந்த ஊரில்தான், இன்று யோகம் வரும் என்று நட்சத்திர ஆமையை ரகசியமாக வாங்கிக் கூடத்தில் விடுகிறார்கள். பழமொழியின் முன்பாதியைக் கைவிட்டவர்கள் பின்பாதியையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். அமீனா வராவிட்டாலும் வனத்துறை வரும். ஆனால் வீடு உருப்படுமா என்பதல்ல என் கவலை, ஆமை உருப்படுமா என்பதுதான். நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆமையின் நோயையோ நாம் குணமாக எடுத்துக்கொள்கிறோம். சூடு போதாமல் மூலையில் சுருண்டு கிடந்தால் 'சாது' என்று பட்டம். கண் வீங்கித் திறக்க முடியாவிட்டால் தியானம். சளி பிடித்து மூக்கில் குமிழி விட்டால் விளையாட்டு. நார் இல்லாத மெத்தென்ற தீனியால் அலகு தேயாமல் வளைந்து நீண்டால் கிளிமூக்கு, ராஜ லட்சணம்!

"பல வருஷமாக எங்களோடுதானே இருக்கிறது, ஒரு குறையுமில்லையே" என்பார்கள். இது சாட்சியே ஆகாது. குளிர்ரத்தப் பிராணி, செலவு குறைவு. பல வாரம் பட்டினி கிடந்தும் தாக்குப்பிடிக்கும். நடப்பதைப் போலவே சாவதிலும் அதற்கு அவசரம் கிடையாது. உண்மையான சாட்சி முதுகில் இருக்கிறது: ஓடு என்பது வளர்த்தவர் வாங்கிய மதிப்பெண் பட்டியல். நட்சத்திர ஆமைக்கு இயல்பிலேயே முதுகு மேடுதானே என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். காட்டில் திரிவதற்கும் ஓரளவு மேடு உண்டு. ஆனால் மேடுகள் கோணல்மாணலாக எழுந்து, இடுப்புப் பக்கம் பள்ளம் விழுந்து, வளர்ந்த ஆமையின் ஓடு விரல் பட்டு அமுங்கினால் அது அழகல்ல, கால்சியப் பஞ்சம். புரதம் மிகுந்த தீனிதான் முதுகைக் கூம்பாக்குகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆப்பிரிக்க சுல்காட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்து 2003-இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு, புரதத்தைவிடக் காற்றின் வறட்சியே பெரிய காரணம் என்று காட்டியது. குளுகுளு ஏசி அறையில் ஆமையை வைத்துப் பெருமைப்படுபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஜன்னலோரம் வைத்து வெயில் காட்டுகிறோமே என்பது அடுத்த வாதம். எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி வழியிலேயே தடுத்துவிடும். உள்ளே வருவது வெளிச்சமும் திருப்தியும் மட்டும். நேர் வெயிலும், ஒதுங்க நிழலும், கழுத்து முழுகாத வெதுவெதுப்பான தண்ணீரும், புல்லும், கீரையும், சப்பாத்திக்கள்ளியும் போதும். பால்சாதத்தை நிறுத்தலாம். ஓட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவி மெருகேற்றவும் வேண்டாம், அது பித்தளைக் குத்துவிளக்கல்ல. ஏற்கெனவே எழும்பிய மேடு இனி இறங்காது. புதிதாக வளரும் விளிம்பு சீராக வந்தாலே வெற்றி. ஞானம் பிறந்த வேகத்தில் வைட்டமின் ஊசியை நாமே போட்டுவிடவும் கூடாது. வைட்டமின் ஏ அளவு மிஞ்சினால் தோலே உரிந்துவிடும். இத்தனை தொல்லைக்குப் பேசாமல் காட்டில் விட்டுவிடலாமே என்றால், வீட்டில் பிடித்த நோயைக் காட்டு ஆமைகளுக்குச் சீதனமாக அனுப்புவதாகும். எந்தப் பகுதியில் பிடித்தது என்றே தெரியாத ஆமையை எந்தக் காட்டில் விடுவது? வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. அப்போது இதுவரை என்ன தின்றது என்று கால்நடை மருத்துவர் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடலாம், டீயில் நனைத்துக் கொடுத்த பிஸ்கட் உட்பட.