பேரனின் குட்டிப் பெட்டி

வாடா பேராண்டி. மெட்ராஸ்லேருந்து பெரிய மனுஷனாத்தான் வந்திருக்க. ஒரு கிலோகூட இல்லாத லேப்டாப்பு, ஒத்தைக் கையால தூக்கலாம்னு காட்டுற. தூக்கு, தூக்கு. அதுக்கு எடுபிடியா ஒரு பை வந்திருக்கே, அதை எந்தக் கையால தூக்குவ? சார்ஜரு, மவுஸு, ஹார்ட் டிஸ்க்கு, அப்புறம் பெட்டியில ரெண்டே ஓட்டை இருக்கிறதால நாலு ஓட்டை வச்ச இன்னொரு டப்பா.

2008-ல ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸு மேடையில தபால் கவருக்குள்ளேருந்து லேப்டாப்பை உருவுனதை நீதானே வீடியோவுல காட்டுன? அதுல யுஎஸ்பி ஓட்டை ஒண்ணே ஒண்ணு. சார்ஜரை எந்தக் கவர்ல வச்சிருந்தாருன்னு அங்க ஒருத்தனும் கேக்கலையே! அதுக்கு முந்தின வருஷம் அசுஸ்காரன் ஏழு அங்குலத் திரையில 'ஈ பிசி'ன்னு ஒண்ணு விட்டான். அப்போ சின்னதுன்னா சல்லிசு. இப்போ சின்னதுக்குத்தான் காசு ஜாஸ்தி. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடல.

அந்தக் காலத்துல எங்க கட்டுமரமும் சின்னதுதான்டா. கரை வந்ததும் கட்டை அவுத்து, மரத்தைத் தனித்தனியாக் காயப் போடுவோம். ஒரு மரம் ஊறிப்போனா அதை மட்டும் மாத்துவோம். உன் பெட்டியில ராம் பத்தலைன்னா என்ன செய்வன்னு கேட்டேன். போர்டோட ஈயம் வச்சு ஒட்டிட்டான், மாத்த முடியாதுங்குற. பேட்டரி? அதுவும் உள்ள கோந்து போட்டு ஒட்டியிருக்காம். தரங்கம்பாடியில இருக்கிற உன் அத்தை மகன், தமிழ்நாட்டு கவர்மெண்டு 2011-ல ஆரம்பிச்ச திட்டத்துல இனாமா லேப்டாப்பு வாங்குனானே, அது நல்ல கனம். பேட்டரி செத்தப்ப அவனே கழட்டி வேற போட்டான்.

இது காரைக்கால் கடலோரத்துக் கோட்டுச்சேரிமேடு. இங்க உப்புக்காத்துல சைக்கிள் செயினே தாங்காது. படகுல இருக்கிற ஜிபிஎஸ்ஸைப் போய்ப் பாரு. அதுவும் குட்டித் திரைதான். ஆனா ஒயர் சொருகுற எடத்துக்கெல்லாம் ரப்பர் மூடி, உச்சி வெயில்லயும் தெரியிற எழுத்து. மீனு எந்தப் பக்கம் கெடைக்கும்னு ஐதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் ஆபீஸ்லேருந்து சேதி வரும், அந்த எடத்தோட நம்பரை ஜிபிஎஸ்ல போட்டுட்டுப் போவோம். எல்லாப் படகும் அதே எடத்துக்கு வந்து நிக்கும், அது வேற கூத்து.

சரி, வாங்குனது வாங்கிட்ட. புத்தி சொல்றேன், கேளு. கடக்கரையில உக்காந்து வேலை பாக்குறேன்னு பகல்ல போகாத. அந்தப் பளபளத் திரையில உன் மூஞ்சிதான் தெரியும். அதைப் பாக்கத்தான் போறன்னா ஒரு சீப்பும் எடுத்துட்டுப் போ. ராத்திரி ஜன்னலோரமா வைக்காத. நல்லாத் தொடச்சு, மூடி போட்ட டப்பாவுல, செருப்புப் பெட்டிக்குள்ள கெடக்குமே சின்ன வெள்ளைப் பொட்டலம், அதோட சேத்து வை.

நீ குனிஞ்சு குனிஞ்சு தட்டுறதைப் பாத்து, புள்ளைக்குப் பணிவு வந்துடுச்சுன்னு உன் ஆயா பூரிச்சுப் போயிருக்கா. கழுத்து வலின்னு சொல்லி அவ மனசை உடைக்காத. அடியில நாலு புஸ்தகத்தை வச்சுத் திரையை ஒசத்திக்க. என்னது, ஒசத்துனா தட்டுறதுக்குத் தனியா ஒரு கீபோர்டு வேணுமா? அதையும் பையில போடு.

மாங்கனித் திருவிழாவ வீடியோ புடிச்சேன்னியே, அதை நம்ம டிவியில போட்டுக் காட்டு. பெட்டியை டிவியில மாட்டுற சாமான் மெட்ராஸ்லயே தங்கிப்போச்சா? அதானே பாத்தேன். காரைக்காலுக்கு பஸ் இருக்கு, போய் வாங்கிட்டு வா. வரும்போது தாத்தனுக்கு ஒரு குவார்ட்டர். தமிழ்நாட்டைவிட நம்ம புதுச்சேரி ஸ்டேட்டுல சல்லிசுதான், கணக்குப் பாக்காத. பையில சார்ஜருக்கும் கீபோர்டுக்கும் நடுவுல சொருகிக்க. ஒயரைப் பாத்தா உன் ஆயா அந்தப் பைப்பக்கம் கையே வைக்க மாட்டா.