வேற ஆள் இல்லை

பழைய கார் சங்கத்தின் தலைவர் பதவியை அவர் கேட்டு வாங்கினார் என்று ஒருத்தரும் சொல்லிவிட முடியாது. பொதுக்குழு அன்றைக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்தான் உட்காருவார். ஆத்தங்குடியில் எங்கள் பங்காளி வீட்டு வளவில்தான் கூட்டம். ஜமக்காளம் விரித்து, வெள்ளைப் பணியாரமும் காப்பியும் கொடுத்து, வரவு செலவும் வாசித்து முடித்தபின் செயலாளர் தொண்டையைக் கனைப்பார். "அடுத்தது, புது நிர்வாகிகள் தேர்வு." அந்த நிமிஷம் பார்த்துத்தான் அவருக்கு வாசலில் நிற்கும் தன் மாரிஸ் மைனரின் ஞாபகம் வரும். "பெட்ரோல் வாடை அடிக்கிற மாதிரி இருக்கே" என்று எழுந்து போய்விடுவார்.

போனவர் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விடுவார். காது மட்டும் வளவில் இருக்கும்.

உள்ளே மௌனம். வாயைத் திறப்பவன் தலையில் போலீஸ் அனுமதி, பந்தல்காரர், சாப்பாடு, மாலை, மைக்செட் எல்லாம் வந்து விடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மௌனம் நன்றாகக் கனிந்த வேளையில், பனியன் வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வருவார்.

"என்னப்பா, முடிவு பண்ணியாச்சா?"

பதில் இல்லை.

"சின்னப் பசங்க யாராச்சும் முன்னால வாங்கப்பா. எத்தனை நாளைக்கு நாங்களே கெடந்து அல்லாடுறது?"

கூட்டத்தில் ஆகச் சின்னப் பையனுக்கு வயது ஐம்பத்தெட்டு. பேத்திக்குக் காது குத்தியாகிவிட்டது.

"நீங்களே இருங்கண்ணே."

"ஐயையோ, எனக்கு வேணாம்ப்பா. வீட்டுல சண்டைக்கு வர்றாக. டாக்டர் வேற அலையக் கூடாதுன்னுட்டார்."

"வேற ஆள் இல்லையேண்ணே."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்திருக்கிறார். ஆனால் முகத்தில் காட்ட மாட்டார். உத்தரத்துத் தேக்கை அண்ணாந்து பார்ப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பனுடைய பெருமூச்சு ஒன்று வரும். "சரி, வேற ஆள் இல்லைன்னு நீங்களே சொல்லுறீக. ஒரே ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் என்னையக் கேக்கப்படாது."

அடுத்த நொடி தோள்பையிலிருந்து லெட்டர் பேடு வெளியே வரும். வரப்போகிற ஆண்டு, அவர் பெயர், அதன் கீழே 'தலைவர்' எல்லாம் அச்சாகியிருக்கும். காரைக்குடியில் லெட்டர் பேடு அடிக்கக் கொடுத்தால் நாலு நாளாவது ஆகும். யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. பணியாரம் இன்னும் மிச்சமிருக்கிறது.

ஒரே ஒரு முறை இந்தக் கூத்தில் பாடம் தெரியாத ஆள் நுழைந்துவிட்டார். தேவகோட்டைப் பக்கம் ஒரு டாக்டர், ஃபியட் 1100 வைத்திருக்கிறவர், புது உறுப்பினர். "யாருக்கும் சௌகரியப்படலேன்னா நான் வேணா இருந்து பாக்குறேன்" என்று கையைத் தூக்கிவிட்டார். வளவில் ஈ ஆடவில்லை. அப்போதுதான் வாசலிலிருந்து திரும்பிய நம்மவர் அப்படியே நின்றார். பிறகு பாய்ந்து போய் டாக்டரைக் கட்டிக்கொண்டார். "இதுக்காகத்தானே தம்பி காத்துக்கிட்டிருந்தேன்! இன்னையோட என் பாரம் இறங்கிருச்சு." கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு டாக்டர் வீட்டுப் போன் அடித்தது. சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பு எங்கே வைக்க வேண்டும் என்று ஆலோசனை. ஆறு மணிக்கு, கொடியசைக்கக் கலெக்டரைக் கூப்பிடுவதா, எஸ்.பி.யைக் கூப்பிடுவதா என்று ஒன்று. ஏழு மணிக்கு, "ஒண்ணுமில்லை, பழகுற வரைக்கும் நான் கூடவே இருக்கேன்னு சொல்லத்தான்." அந்த வாரமே ஒரு நாள் டாக்டரின் ஃபியட்டைச் சுற்றி வந்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை எடுத்து மட்கார்டில் வைத்தார். அது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. தகரத்துக்கு மேல் அவ்வளவு கனமாகப் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வார்த்தை பேசவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டாக்டர் ஆடி பிறப்பதற்குள் ராஜினாமா கொடுத்தார். அடுத்த கூட்டத்தில், பாவம், நம்மவருக்குப் பெட்ரோல் வாடை அடித்தது.

சட்டப்படியும் அவரைப் பிடிக்க முடியாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, அவருக்கு மனப்பாடம். ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் சங்கம் பதிவாகும். அந்த ஏழில் அவர், தம்பி, மைத்துனர், கார் ஷெட்டுக்கு வாடகை வாங்குகிறவர், டிரைவர் போக, சொந்தமாகக் கார் வைத்திருந்த வெளியாட்கள் மீதி இரண்டு பேர்தான். நிர்வாகக் குழுவின் ஆயுள் மூன்று வருஷத்தைத் தாண்டக் கூடாது, திரும்பத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மூன்று என்ன, வருஷா வருஷமே தேர்ந்தெடுக்கிறோமே என்று அவர் மார் தட்டுவார். உண்மைதான். தூணுக்குப் பின்னாலிருந்து அவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

வருஷத்துக்கு ஒரு ஊர்வலம் உண்டு. ஆத்தங்குடியில் புறப்பட்டு, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் வழியாகக் காரைக்குடி போய்ச் சேர வேண்டும். காலை ஏழு மணிக்குக் கொடியசைப்பு என்று அழைப்பிதழில் இருக்கும். ஏழு மணிக்கு வண்டிகள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்து வரிசையாக நிற்கும்: ஒரு ஆஸ்டின், இரண்டு அம்பாசிடர் மார்க் 2, டாக்டரின் ஃபியட், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முன்னால் மாரிஸ் மைனர். அதன் முன்னால் மைக். மைக்குக்கு முன்னால் அவர்.

1903இல் சென்னையில் சிம்ப்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் கட்டி ஓட்டியதிலிருந்து ஆரம்பிப்பார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் கரியடுப்பு கட்டி பஸ் ஓட்டியதைத் தொடுவார். அதற்குப் பிறகுதான் சொந்த வண்டிக்கு வருவார். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மாரிஸ் மைனரைக் காட்டினார்கள். அதற்கு முன்னால், வண்டி ஒடுங்கித் தெரிகிறதே என்று அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பிளந்து நகர்த்தி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலக்கியதும் கண்ணுக்குச் சரியாக வந்தது. அப்படியே முடிவாகிவிட்டது. ஏற்கெனவே அடித்து வைத்திருந்த பம்பர்கள் அளவு குறைந்துபோனதால், நடுவில் துண்டு வைத்து ஒட்டுப் போட்டார்கள். அருமையான கதை. அவர் வாயால் முதல் தடவை கேட்டபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அந்த நாலங்குலத்தை இரண்டு கையாலும் விரித்துக் காட்டுவார் பாருங்கள், அது வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. போன ஊர்வலத்தில் ஒரு முழம் இருந்தது. அந்த அளவுக்கு விலக்கியிருந்தால் இசிகோனிஸ் லாரிதான் கட்டியிருப்பார்.

பேச்சு முடியும்போது ஒன்பது தாண்டியிருக்கும். சித்திரை வெயில் தகரத்தில் இறங்கியிருக்கும். பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்பு எஞ்சின் மேலேயே ஒட்டிக்கொண்டிருப்பது. சூடேறினால் பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு ஆவியை உறிஞ்சிக்கொண்டு சும்மா அடிக்கும், கார்புரேட்டருக்கு ஒன்றும் போகாது. வேப்பர் லாக் என்பது இதுதான். கானாடுகாத்தான் தாண்டுவதற்குள் ஒவ்வொரு வண்டியாக விக்கி நிற்கும். ஈரத்துணியைப் பிழிந்து பம்பு மேல் போட்டுவிட்டு, எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். காலை ஏழு மணிக்கே விட்டிருந்தால் ஒரு வண்டி நின்றிருக்காது. நம்மவரோ ஒவ்வொரு வண்டியாகப் போய், "மெயின்டனன்ஸ் பத்தலை தம்பி" என்று சொல்லிக்கொண்டு வருவார்.

ஊர்வலத்துக்கு முதல் நாள் ராத்திரி வண்டிகளை நிறுத்துவதில் ஒரு வழக்கு உண்டு. பழைய சீமை வண்டி என்றால் எண்ணெய் ஒழுகாமல் இராது. ஆத்தங்குடிக் கல்லோ சிமெண்டுக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர்ச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, உள்ளூர் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்துத்தான் அதற்குப் பளபளப்பு ஏறும். எஞ்சின் ஆயிலை அது குடித்துவிட்டால் துடைத்துப் போகாது. இவர் கேட்டால்தானே? முகப்பில் பலகை போட்டு மாரிஸை மேலே ஏற்றினால்தான் போட்டோ நன்றாக வரும் என்று நிற்பார்.

வீட்டு ஆச்சி வெளியே வந்தார். "கல்லு மேல எண்ணெய் சொட்டுது, வண்டிய எறக்குங்க."

"ஆச்சி, எண்ணெய் ஒழுகுனாத்தான் உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்."

"அது உங்க வீட்டு முகப்புல இருக்கட்டும்."

அவரை அந்த ஆச்சி ஒருவரால்தான் சமாளிக்க முடிகிறது. சங்கத்துக்கு ஆச்சியையே தலைவராகப் போட்டுவிடலாம் என்று எனக்கொரு யோசனை உண்டு. கார் இல்லை என்பார்கள்.

சிரித்தது போதும். இந்தச் சங்கம் செய்திருக்க வேண்டிய காரியம் எவ்வளவோ இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய, உருவம் மாற்றாத சொந்த வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனிப்பதிவு கொண்டுவந்தது. நம்பரில் 'விஏ' என்று எழுத்து வரும். கட்டணம் இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க ஐயாயிரம். கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று போகலாமே தவிர, தினப்படிக்கு ஓட்டக் கூடாது. இதற்கு ஆர்.சி. புத்தகம் வேண்டும். இங்கே ஷெட்டில் கிடக்கிற பாதி வண்டிகள் செத்துப்போன ஐயா பெயரில் இருக்கின்றன. வீட்டைப் போலவே வண்டியும் பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் பினாங்கில், ஒருவர் சிகாகோவில், இன்னொருவர் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. நாலு கையெழுத்துக் கிடைக்காமல் ஒரு பழைய பியூக் மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சங்கம் நடுவில் நின்று பேசி முடித்திருக்கலாம். நம்மவர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் பைப்பையும் டயாஃப்ரத்தையும் அது அரிக்கும். எந்த பைப் தாங்கும், எங்கே கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அத்தனை பேருக்கும் உபயோகம். ஒரு கூட்டத்திலாவது அதைப் பற்றிப் பேசியதில்லை. காதை வைத்துக் கேட்டே கார்புரேட்டர் டியூன் பண்ணுகிற மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். கை நடுங்குகிறது. ரெண்டு பையன்களை அவரிடம் விட்டுத் தொழில் கற்றுக்கொள்ளச் சம்பளம் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். நிதி இல்லை என்று மினிட்ஸில் ஏறியது. அதே பக்கத்தில் பொன்னாடைச் செலவும் ஃப்ளெக்ஸ் செலவும் இருக்கின்றன. ஃப்ளெக்ஸில் தலைவர் முகம் பெரிதாகவும் வண்டி சிறிதாகவும் இருக்கும். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளைக்காரர்கள் பொதுஜனம் பார்க்க கார் மியூசியமே வைத்துவிட்டார்கள். சென்னையில் ஏவி.எம். வளாகத்தில் பழைய கார்களுக்கு ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. நம் வட்டாரத்தில் இருப்பது ஒரு ரப்பர் ஸ்டாம்பு.

இவ்வளவும் எழுதுகிறவனுக்கு இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திருமயத்திலிருந்து திரும்பும்போது நடுராத்திரியில் என் அம்பாசிடர் நின்றுவிட்டது. செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. வண்டிக்குள் அப்பத்தாவும் ரெண்டு பிள்ளைகளும். போன் போட்டது அவருக்குத்தான். வேறு யாருக்குப் போடுவது என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. டிவிஎஸ் 50இல், கட்டின கைலியோடு வந்து இறங்கினார். வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். பாயிண்ட் கருகியிருந்தது. மடித்து வைத்திருந்த உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, ஊதி, இடைவெளியை விரல் நகத்தால் அளந்து திருகை முடுக்கினார். அத்தனை நேரமும் ஒரு வார்த்தை இல்லை. மைக் முன்னால் ரெண்டு மணி நேரம் நிற்கிறவரா இவர் என்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. பானெட்டில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது, இன்னும் பத்து வருஷம் இவரே தலைவராக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துவிட்டேன்.

"ரொம்ப நன்றிண்ணே. உங்களுக்குத்தான் சிரமம்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை தம்பி" என்று டிவிஎஸ் 50இன் பையைத் திறந்தார். ஸ்பேனர் எடுக்கிறார் என்று நினைத்தேன். ரசீதுப் புத்தகம். "உனக்கு ரெண்டு வருஷச் சந்தா பாக்கி நிக்குது. இப்பவே குடுத்துட்டீன்னா ஓட்டு லிஸ்ட்ல உன் பேரையும் சேத்துருவேன்."