ரிசர்வியல்: ஒரு தெளிவுரை

கார்ப்புரேட்டர் வைத்த பைக்குகளில், பெட்ரோல் டேங்குக்கு அடியில், ஓட்டுபவரின் இடது முழங்காலை ஒட்டி ஒரு சிறு திருகு உண்டு. ஆன், ஆஃப், ரிசர்வ் என அதற்கு நிலைகள் மூன்று. அவற்றுள் ரிசர்வின் இலக்கணம் கூறுதலே இவ்வுரையின் நோக்கம்.

டேங்குக்குள் இன்னொரு குட்டி டேங்க் இருக்கிறது என்பார் ஒரு சாரார். டீக்கடை பெஞ்சுகளில் இக்கொள்கைக்குச் செல்வாக்கு அதிகம். அது பொருந்தாது. டேங்க் ஒன்றே, பெட்ரோலும் ஒன்றே, வாய்தான் இரண்டு. திருகு அமர்ந்திருக்கும் பெட்ரோல் காக்கிலிருந்து டேங்குக்குள் ஒரு குழாய் சில விரற்கடை உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். ஆன் நிலையில் அதன் உச்சி வழியாகத்தான் பெட்ரோல் இறங்கும். மட்டம் உச்சிக்குக் கீழே போனால் வரத்து நின்றுவிடும். திருகை ரிசர்வுக்குத் திருப்பினால் அடியிலுள்ள மற்றொரு துளை திறக்கும். அவ்வளவே. அப்படியாயின் ரிசர்வ் கூடுதலாக ஒரு சொட்டும் தருவதில்லையோ எனின், தருவதில்லை என்க. நாம் காசு கொடுத்து ஊற்றிய பெட்ரோலையே பதுக்கி வைத்து, நமக்கே தருமம் செய்கிறது.

இத்தருமத்தின் அளவு வண்டிக்கு வண்டி மாறும். 100 சிசி வண்டிகள் பலவற்றில் சுமார் 1 லிட்டர்.

ரிசர்வ் விழும் தருணம் தனியே ஆராயத்தக்கது. குழாய் வறண்ட உடனே எஞ்சின் அணைவதில்லை. கார்ப்புரேட்டரின் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கும். முதலில் இழுவை குறையும். பிறகு ஒரு விக்கல். பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போதுதான் இது பெரும்பாலும் நிகழும். வலது கை ஆக்ஸிலேட்டரை விட முடியாது; ஆகவே இடது கை கீழே போய், கண் பாராமலே திருகைத் தேடித் திருப்பும். தேர்ந்தவர் கையில் இரண்டாம் விக்கலுக்குள் வண்டி சீராகிவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் பேச்சைக்கூட நிறுத்தமாட்டார். தேராதவர் கை சூடான எஞ்சினைத் தொட்டுவிட்டு மேலே வரும்.

ஆஃப் நிலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வண்டியைத் திருடிச் செல்பவன் கிண்ணம் தீர்ந்ததும் தெருக்கோடியில் நிற்கட்டும் என்று அதைத் திருப்பி வைப்போர் உண்டு. மறுநாள் காலை அதே தெருக்கோடியில் அவர்களே நிற்பதும் உண்டு.

ஓட்டுவோர் இரு வகையினர். டேங்க் நிரப்பியதும் திருகை மறவாமல் ஆனுக்குக் கொண்டுவருவோர் ஒரு வகை. இவர்கள் அரியர். மற்றையோர் நித்திய ரிசர்வ்வாதிகள். இவர்களுள்ளும் மறதியால் அப்படி ஆனவர் உண்டு; ஐம்பதுக்கும் நூறுக்கும் மட்டுமே பெட்ரோல் போடுவதால் மட்டம் குழாயின் உச்சியை எட்டியே பாராதவரும் உண்டு. எவ்வாறாயினும் இவர்கள் வண்டி முன்னறிவிப்பின்றி நிற்கும். நின்றால் உண்மையாகவே நிற்கும்.

அப்போதும் ஒரு பரிகாரம் உளது. டேங்க், கழுதை முதுகுப் பொதிபோல வண்டிச் சட்டத்தின் நடுக்குழாயின் இரு பக்கமும் தொங்குவது. காக் இடப்பக்கம் இருக்கும் வண்டியில், வலப்பக்கத் தொங்கலில் தங்கிய பெட்ரோல் நடு மேட்டைத் தாண்டி வராது. வண்டியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தால் அது களகளவென்று இந்தப் பக்கம் வந்து சேரும். ரிசர்வுக்கும் ரிசர்வான இதை எந்தக் கம்பெனியும் விளம்பரத்தில் சொல்லவில்லை. சாலையோரத்தில் பைக்கைப் படுக்கவைத்துக் காது கொடுத்துக் கேட்பவரைக் கண்டால் விபத்து என்று ஓடிவர வேண்டாம்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின், புது வண்டிகள் அநேகமாக எல்லாம் இன்ஜெக்ஷனுக்கு மாற, திருகு போயிற்று. இப்போது மீட்டரில் ஒரு விளக்கோ கட்டமோ மினுங்குகிறது. காக், வரத்தை நிறுத்திச் சொன்னது. விளக்கு கண்ணடித்துச் சொல்கிறது. நம் மக்கள் எதற்கு மதிப்பளிப்பர் என்பது வெளிப்படை. டேங்குக்குள் இருக்கும் மோட்டார் பம்புக்குச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் குளிர்ச்சி. அடிக்கடி வறள விட்டால் கேடு பம்புக்கு. ஆயினும் மினுங்க மினுங்க இரண்டு நாள் ஓட்டுவர். கடைசியில் நண்பர் தம் வண்டியிலிருந்து கால் நீட்டி, ஃபுட்ரெஸ்ட்டில் மிதித்துத் தள்ளிக்கொண்டே பங்க் வரை கொண்டுபோய் விடுவார். “எவ்வளவுக்குண்ணே?” என்று பங்க் பையன் கேட்பான்.

“நூறு ரூபாய்க்கு.”