வட்டப் பாதையும் வாங்கு தேடும் மாமியும்: காத்தான்குடியார் நீர்வீழ்ச்சி காணும் முறைமை பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

காத்தான்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் மணல். இந்த மணற்பரப்பில் மேடு என்று சொல்லத்தக்கது, வீடு கட்டுகிறவர் கேற்றடியில் பறித்துவைத்த மணற்கும்பி ஒன்றுதான். தண்ணீருக்கும் ஊரில் குறைவில்லை. அது கிடக்கும், ஏறும், வற்றும், மாரியில் கேட்காமலே வளவுக்குள் வரும். விழமட்டும் விழாது. கூரைப் பீலியால் விழுவதை இவ்வாய்வு கணக்கில் எடுக்கவில்லை.

ஆகவே பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் ஊர் வேனில் ஏறி மலைநாட்டுக்குப் புறப்படுவதில் புதினம் இல்லை. புதினம் வேறிடத்தில் இருக்கிறது. இரவு முழுக்க ஓடிப்போய், ஹோர்ட்டன் சமவெளியில் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடந்து, நடக்கத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். முடக்குக் கடையில் சீனி வாங்கவும் மோட்டார் சைக்கிளை உதைக்கிற சமூகம், போய்ச்சேர ஓர் ஊரில்லாத பாதையில் நடப்பது ஏன்? இதற்கு விடை காண்பதே நோக்கம்.

2. களமும் மாந்தரும்

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே கிடக்கும் புல்வெளியும் முகில் காடும் ஆகும். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த றொபேட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் அதற்கு. 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. உள்ளே போகிறவர் பட்டிப்பொலப் பக்கத்தாலோ ஒஹியப் பக்கத்தாலோ வரலாம். நடைபாதை சிறிது தூரம் ஒன்றாய்ப் போய் ஒரு கவையில் இரண்டாய்ப் பிரிந்து, சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று வளைந்து அதே கவைக்குத் திரும்புகிறது.

மாந்தரில் முதன்மையானவர் மாமி. மட்டக்களப்புப் பகுதியில் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அதற்குள் எடுக்கும் வழமையை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் இருந்து விரிவாக எழுதியுள்ளார். வேனில் யார் எங்கே குந்துவது என்ற துறை மட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சியது. காத்தான்குடி வேனில் மாமி முன்சீற்றுக்குப் பின்னால், சாளரத்தோரம். மருமகன் வேனுக்குக் காசு கொடுத்தவர். ஆகவே சாமானோடு பின்சீற்றில். மாமி தந்த வீட்டில் குடியிருக்கும் ஒருவர், மாமியை 9 கிலோமீற்றர் நடக்கவைக்க வேண்டும். இந்த ஆய்வின் முழுப் பாரமும் அவர் தோளில்தான் இருக்கிறது.

3. ஒப்பீட்டுக் களம்: துன்ஹிந்தை

செங்கலடியில் தொடங்கி மகாஓயா, பிபிலை வழியாக மேலேறும் வீதியால் போகிறவருக்குப் பதுளையை அண்டி முதலில் கிடைப்பது துன்ஹிந்தை. 64 மீற்றர் உயரம். பேக்கர் நீர்வீழ்ச்சி 20 மீற்றர் அளவுதான். உயரத்தை வைத்துப் பார்த்தால் துன்ஹிந்தையோடு பயணம் முடிந்திருக்க வேண்டும். பாதையும் குறுகியது, வழிநெடுகச் சிறு கடைகள். ஆனால் அது போன வழியே திரும்பிவரும் பாதை. இங்கேதான் சிக்கல் முளைக்கிறது.

போன வழியே திரும்பும் பாதை எதிலும் ஒரு தொன்மையான நிறுவனம் தானாக உருவாகும். அதன் சாசனம் ஒரே வரி: “நான் இதுல இரிக்கன் மகன், நீங்க போயிட்டு வாங்க.” முதலாவது கடையில் மூத்தம்மா குந்துவார். அவருக்குத் துணையாகப் பெரிய மாமி. பெரிய மாமிக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொடுக்க ஒரு மகள். மகளின் கைக்குழந்தை. குழந்தையின் பால்போத்தலைத் தூக்கிவந்த தகப்பன். நீர்வீழ்ச்சியடிக்கு உண்மையில் போய்ச்சேர்வது வயதுவந்த இரண்டு பையன்களும் ஒரு கைபேசியும்.

4. வட்டத் தேற்றம்

வட்டப் பாதையில் இந்த நிறுவனம் செல்லாது. போனவர் போன வழியால் வரமாட்டார். குந்தியவர் குந்தியபடியே இருப்பார். ஆகவே ஒருவர் குந்தினால் எல்லாரும் குந்த வேண்டும், ஒருவர் நடந்தால் எல்லாரும் நடக்க வேண்டும். இதுவே வட்டத் தேற்றத்தின் முதற்கூறு.

இரண்டாவது கூறு கணக்கு. பாதியைத் தாண்டும்வரை திரும்பி வருவது இலாபம். தாண்டிவிட்டால் முன்னே போவதே இலாபம். பெரிய உலக முடிவு கிட்டத்தட்ட அந்தப் பாதியில் இருக்கிறது. அதுவரை மருமகன் “கிட்டத்தான் மாமி, இந்தா வந்திட்டு” என்ற ஒரே வசனத்தை வெவ்வேறு குரலில் சொல்லிக்கொண்டு போனால் போதும். அதற்கப்பால் அவர் வாய் திறக்கத் தேவையில்லை. திரும்பினாலும் அதே தூரம் என்று மாமியே கணக்குப் பார்த்து நடப்பார்.

உலக முடிவில் பாறை ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக அறுந்து இறங்குகிறது. காலை 9, 10 மணிக்கெல்லாம் பனிமூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். “வாப்பா, ஒண்டுமே தெரியுதில்லயே” என்று பிள்ளை கேட்டால், “உலகம் முடிஞ்சா மறுகா என்ன தெரியும்?” என்பதே வழங்கிவரும் விடை. பனி காத்திராது, நீர்வீழ்ச்சி காத்திருக்கும். எனவே முதலில் உலக முடிவு, பிறகு தண்ணீர் என்ற திசை ஒழுங்கு அறிவுடையோரால் நிறுவப்பட்டது. பேக்கர் நீர்வீழ்ச்சி முதலில் என்போரும் உளர். அவர்கள் வேனில் பிந்தி எழும்பியவர்கள்.

5. பொதியின் ஈர்ப்பு விசை

நுழைவில் பூங்கா அலுவலர் பைகளைத் திறந்து பொலித்தீன் எல்லாவற்றையும் களைகிறார். தண்ணீர்ப் போத்தலின் நெகிழி லேபலைக் கிழித்தெடுக்கிறார். பிஸ்கட் உறையைப் பிரித்துக் கடதாசிப் பைக்குள் கொட்டுகிறார். மாமியின் கைப்பையில் அடியோ அடியில், ஒரு ஷொப்பிங் பைக்குள் இன்னொரு ஷொப்பிங் பை, அதற்குள் கட்டித் தொதல். அலுவலர் ஒவ்வொரு உறையாகக் கழற்றக் கழற்ற மாமி அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கடைசி உறையும் போய்த் தொதல் வெறும் கடதாசியில் ஏறியதும், “எண்ண ஊறுமே” என்று ஒரு சொல். அதோடு சோதனை முடிகிறது.

இதன் விளைவு இரண்டு. ஒன்று, உறை கழன்ற தின்பண்டம் எதுவும் முதலாவது கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை. மற்றது, கனதியானது: லஞ்ச் சீற்றில் கட்டிய புரியாணிப் பொதிகள் உள்ளே போகமுடியாமல் வேனிலேயே தங்குகின்றன. பொதி வேனில், வேன் தொடக்கத்தில். ஆகவே நடையின் முடிவும் தொடக்கத்தில். கடைசி இரண்டு கிலோமீற்றரில் குடும்பத்தின் நடை வேகம் கூடுவதை இதைக்கொண்டே விளக்கலாம். தரிப்பிடத்தில் சுற்றித்திரியும் மரைகளும் இந்தத் தேற்றத்தைச் சுயமாகக் கண்டுபிடித்திருக்கின்றன. மனிதர் எந்தப் பக்கத்தால் சுற்றினாலும் சாப்பாடு இங்கேதான் திறக்கும் என்பது அவற்றுக்குத் தெரியும்.

6. படிக்கட்டு முரண்

இனி ஆய்வின் மிக வேதனையான கண்டுபிடிப்பு. பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறியவர். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுத் தேடி ஆபிரிக்காவில் அலைந்தவர். தண்ணீர் காண்பதென்றால் எத்தனை படியும் இறங்குகிற மனிதர். ஆனால் நீர்வீழ்ச்சியை முகத்தோடு முகம் காண, பாதையிலிருந்து செங்குத்தாய் இறங்கி, அதே வழியால் மூச்சிரைக்க ஏற வேண்டும்.

அதாவது போன வழியே திரும்பும் பாதை! வட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட இந்தச் சிறு வால் போதும். ஒழிந்துபோன நிறுவனம் அந்தக் கணமே உயிர்க்கிறது. “நான் இதுல இரிக்கன் மகன், நீங்க போயிட்டு வாங்க. இரைச்சல் கேக்குதானே.” மூத்தம்மா, பெரிய மாமி, மகள், கைக்குழந்தை, பால்போத்தல், தகப்பன் எல்லாரும் குந்துகிறார்கள். நீர்வீழ்ச்சிக்கென்று மலை ஏறிவந்து, உலக முடிவையும் தாண்டி, முக்காற்பங்கு வட்டத்தையும் நடந்து முடித்தவர்கள் அதைக் காதால் மட்டும் கண்டு திரும்புகிறார்கள்.

7. மறுப்புரைகள்

ஊருக்கு வரும் தண்ணீரின் தாய்வீட்டைப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு சாரார் உருக்கமாக வாதிடுவர். நில அமைப்பு இதற்கு இடம்தரவில்லை. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்தச் சமவெளியில் ஊற்றுண்டு. மகாவலி கொட்டியார்க் குடாவுக்கும், களனி கொழும்புக்கும், வளவை தெற்கே அம்பலாந்தோட்டைக்கும் போகின்றன. பேக்கரில் விழுவது பெலிகுல் ஓயா. அது வளவையோடு சேர்வது. எங்கள் வாவிக்கு ஒரு துளியும் இல்லை.

குளிருக்காகப் போகிறார்கள் என்பது மற்றொரு கட்சி. ஆண்டுச் சராசரி 13 பாகை செல்சியஸ் உள்ள இடத்துக்குப் போய், கண்மட்டும் தெரியப் போர்த்திக்கொண்டு, “ஊருக்குப் போவமா” என்று கேட்பவர்களைப் பார்த்த பிறகும் இக்கட்சியில் நிற்பது கடினம்.

8. முடிவும் பரிந்துரையும்

காத்தான்குடியார் நீர்வீழ்ச்சிக்காக வட்டப் பாதை நடக்கவில்லை. குடும்பம் முழுவதையும் ஒருவரும் கழலாமல் காலையில் இருந்து மதியம்வரை ஒரே பக்கமாக நகரவைக்கக்கூடிய பாதை வேறு இல்லை என்பதால் நடக்கிறார்கள். நோன்புப் பெருநாளிலும் முழுதாய்க் கூடாத வீடு, பெரிய உலக முடிவைத் தாண்டியபின் பிரிய வழியின்றிக் கூடியே நடக்கிறது. நீர்வீழ்ச்சி அதற்கான அழைப்பிதழ். அழைப்பிதழை வாசித்தவர் யார் என்று கலியாண வீட்டில் எவரும் கேட்பதில்லை.

பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு பணிவான பரிந்துரை: பேக்கர் நீர்வீழ்ச்சிப் படிக்கட்டின் தலைப்பில் நீளமாக ஒரு வாங்கு போடலாம். அதே வாங்கைப் பாதை பிரியும் கவையில் மட்டும் போட்டுவிடக் கூடாது. போனவர் திரும்பிவரும் இடம் அது என்பது மாமிக்குத் தெரிந்துவிட்டால், 9 கிலோமீற்றர் வட்டத்தில் எங்கள் ஊருக்கு மிஞ்சுவது அந்த வாங்கின் நீளம்தான்.