காரில் வரும் சத்தம்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆராய வேண்டியதை எல்லாம் யாராவது ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் அருப்புக்கோட்டையிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பந்தல்குடிப் பக்கம் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லைக்கூட அளந்து வைத்திருக்கிறார்கள். பாளையம்பட்டி தாண்டியதும் முன்சக்கரத்தின் பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதை ஆராய மட்டும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஓர் இருக்கை இல்லை. அந்த அவலத்தைப் போக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வின் எல்லை: வடக்கே காரியாபட்டி, தெற்கே பந்தல்குடி, மேற்கே பாலவநத்தம், கிழக்கே நரிக்குடி. சென்னைக்காரர்கள் இதில் வரமாட்டார்கள். அவர்களுடைய வண்டியிலும் சத்தம் வரும். நெரிசலில் அது அவர்களுக்குக் கேட்காது.

இந்த வட்டாரத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. முதற்காரணம் மண். கரிசல் கோடையில் கை நுழையும் அளவு பிளந்து கிடக்கும். ஐப்பசி மழையில் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்ளும். அதன்மேல் போட்ட தார்ச்சாலையும் கூடவே ஏறி இறங்கும். புதிதாகப் போட்டபோது நேராக இருந்த சாலை இரண்டு மழைக்குப் பின் அலையலையாகிவிடும், ஓரம் சரிந்துவிடும். வண்டியின் அடியில் இருக்கும் புஷ், லிங்க் ராடு, பால் ஜாயிண்ட் ஆகியவை எல்லாம் இந்த மண்ணிடம்தான் தங்கள் ஆயுளை ஒப்படைத்திருக்கின்றன. இரண்டாவது காரணம் காது. அருப்புக்கோட்டை நெசவு ஊர். தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து தூங்கி வளர்ந்தவருக்கு, ஓடுகிற தறியின் தாளம் ஒரு தட்டுத் தப்பினால் அடுத்த அறையில் இருந்தாலும் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட காதுகளைக் காருக்குள் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது காரணத்தைச் சற்றுப் பணிவோடு சொல்கிறேன். மௌனத்தாலேயே உபதேசித்த ரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர் திருச்சுழி. அந்த ஊருக்குப் போகும் கார்கள் இவ்வளவு பேசிக்கொண்டு போவது ஆய்வாளனை உறுத்தாமல் இருக்குமா?

இனி, முன்னோர் செய்தவை. நம் மரபு ஒலிக்கு முதலிடம் தந்த மரபு. எழுத்துகள் உடம்பில் எங்கெங்கே பிறக்கின்றன என்று சொல்லத் தொல்காப்பியம் பிறப்பியல் என்று ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது. நெஞ்சு, கழுத்து, பல், நாக்கு, மூக்கு எல்லாம் அதில் உண்டு. பானெட்டுக்குள் பிறப்பவை பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது, உரையாசிரியர்களும் கைவிட்டுவிட்டார்கள். அந்த இடைவெளியை இன்று நிரப்பிக்கொண்டிருப்பது டீக்கடைப் பள்ளி.

டீக்கடைப் பள்ளியின் ஆய்வு முறை மிக எளியது. சத்தத்துக்குப் பெயர் வைப்பார்கள். 'லொடலொட' என்றால் சைலன்சர், 'கடகட' என்றால் கியர் பாக்ஸ், 'கிறீச்' என்றால் பெல்ட், 'ஙொய்' என்றால் எஞ்சினே போச்சு. நான்கு பேர் கூடிவிட்டால், வந்தது 'லொடலொட'வா 'லொடக் லொடக்'கா என்று வாதம் நடக்கும். வண்டிக்குச் சொந்தக்காரர் வாயால் அந்தச் சத்தத்தைச் செய்து காட்ட வேண்டும். அவர் செய்து காட்டியது சரியில்லை என்று பக்கத்தில் இருக்கும் மச்சினர் வேறு மாதிரி செய்து காட்டுவார். இது நம்மூர்ப் பழக்கம் மட்டும் என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வானொலி ஒன்றில் 1977இல் டாம், ரே மாக்லியோசி என்ற சகோதரர்கள் 'கார் டாக்' என்று ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். பிறகு அது நாடு முழுவதும் ஒலிபரப்பாகி 2012 வரை புதிது புதிதாக வந்துகொண்டிருந்தது. இருவரும் எம்.ஐ.டி.யில் படித்தவர்கள். படித்த மனிதர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுத் தங்கள் காரைப் போல வாயால் கத்திக் காட்டுவார்கள். அண்ணனும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வைத்தியம் சொல்வார்கள். ஆக, பாஸ்டனுக்கும் பாலவநத்தத்துக்கும் இந்த விஷயத்தில் பெரிய தூரம் இல்லை.

ஆனால் டீக்கடைப் பள்ளியோடு இவ்வாய்வாளர் முரண்படும் இடம் இதுதான்: சத்தத்தின் பெயரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இதைக் கணக்காலேயே நிறுவலாம்.

சின்னக் காரின் டயர் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.75 மீட்டர் போகும். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர் சொச்சம். டயர்ப் பட்டைக்குள் ஒரு ஜல்லி சிக்கியிருந்தால் அது நொடிக்கு ஆறு தடவைக்குச் சற்று மேலாகச் சாலையைத் தட்டும். அடுத்து, நிற்கும் வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு வால்வு திறக்கும். ஆகவே இடைவெளி கூடிப்போன ஒற்றை டாப்பட்டும் நொடிக்கு ஆறு தடவைக்குச் சற்று மேலாகத்தான் தட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர்: டிக் டிக் டிக். முன்னதை ஒரு திருப்புளியால் நெம்பி எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போகலாம். பின்னதற்கு எஞ்சின் மூடியைத் திறக்க வேண்டும். பெயரை வைத்து வைத்தியம் பார்ப்பவர் கல்லுக்கு எஞ்சினைப் பிரிப்பார்.

சத்தம் வரும் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். அதுவும் நடவாது. நொடிக்கு 100 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். மாருதி 800இன் மொத்த நீளமே 3.3 மீட்டர் சொச்சம்தான். வண்டியைவிட நீளமான ஓர் அலைக்குள் உட்கார்ந்துகொண்டு 'முன்னால் இடது பக்கம்' என்று அடித்துச் சொல்பவரை என்ன செய்வது? ஒலி இரும்புத் தகடு வழியாகவும் ஓடும். பின்சக்கரத்தில் பிறந்தது டேஷ் போர்டில் வந்து தலைகாட்டும்.

பெயரும் உதவாது, இடமும் உதவாது என்றால் மிஞ்சுவது பொழுது. எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. நல்ல மெக்கானிக்குகள் இதை எந்த ஆய்வும் இல்லாமலே அறிந்திருக்கிறார்கள்.

"அண்ணே, வண்டியில ஒரு சத்தம் வருது."

"வாங்கண்ணாச்சி. எப்ப வருது?"

"லொடக்கு லொடக்குன்னு…"

"அது கெடக்கட்டும். எப்ப வருது? பிரேக் போடுறப்பயா, வளைக்கிறப்பயா, நிக்கிறப்பயுமா?"

அண்ணாச்சி யோசிப்பார். அந்த யோசனையிலேயே பாதி நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிடும். வண்டி நின்று எஞ்சின் ஓடும்போதும் வந்தால் சக்கரத்துக்கு அதில் சம்பந்தமில்லை. சமதளமான, காலியான இடத்தில் மெதுவாகப் போகும்போது நியூட்ரலில் விட்டும் அது வேகத்துக்கு ஏற்பவே வந்தால் எஞ்சினுக்குச் சம்பந்தமில்லை. கிளட்சை மிதித்தால் வந்து, விட்டால் போனால் கிளட்ச் பேரிங். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் 'டக்டக்' என்றால் ஆக்சில் ஜாயிண்ட்: ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, கரிசல் புழுதி குடியேறியிருக்கும். நேராகப் போகையில் 'ஊ' என்று ஊதிக்கொண்டே வந்து, வலது பக்கம் வளையும்போது ஓங்கினால் இடது சக்கரத்து பேரிங்கைப் பார்க்க வேண்டும். வளைவில் பாரம் எதிர்ப்பக்கம் சாய்கிறது அல்லவா, அதனால். மேட்டில் பெரிய கியரில் ஏறும்போது 'கிணிகிணி' என்றால் எஞ்சின் நாக்கிங். இந்த வட்டாரத்தில் மேடு என்றால் கண்மாய்க் கரைதான் என்பதால் இது பல வண்டிகளில் கடைசிவரை தெரியாமலே போகும்.

இங்கே களப்பணி பற்றி ஓர் எச்சரிக்கை. பட்டறையில் சோதனை ஓட்டத்துக்கு வண்டியை மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலைக்குக் கொண்டுபோவார்கள். வழவழப்பான ரோட்டில் லிங்க் ராடு வாயைத் திறக்காது. "சத்தமே இல்லையே" என்று திரும்பிவிடுவார்கள். அண்ணாச்சி வண்டியைத் திருச்சுழி ரோட்டில் திருப்பியதும் 'டொக்' என்று அது நலம் விசாரிக்கும். வண்டி கெட்டுப்போனதை நிரூபிக்கக் கெட்டுப்போன சாலை வேண்டும். அதற்கு இங்கே பஞ்சமில்லை.

இவ்வட்டாரத்துக்கே உரிய சத்தங்கள் சில உண்டு; எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் அவை இரா. அறுப்புக் காலத்தில் குதிரைவாலி, சோளம், உளுந்து எல்லாம் களத்துக்குப் போகாமல் தார்ச்சாலைக்கு வந்துவிடும். போகிற வருகிற வண்டிகள்தான் மிதிப்பு மாடுகள், கூலியும் கிடையாது. தாள் மீது ஏறிய காரின் அடியில் 'சரசர'வென்று ஒரு சத்தம் கூடவே வரும். ஆக்சிலில் வைக்கோல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதைச் சிரித்துவிட்டுப் போய்விடக் கூடாது. சூடான சைலன்சரில் காய்ந்த தாள் பட்டால் தீப்பிடிக்கும். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, குனிந்து பார்த்து, இழுத்துப் போட வேண்டியதுதான்.

அடுத்து வேப்பமரம். நிழலுக்கு நிறுத்தாத வண்டி இந்த ஊரில் அடுப்பு. நிறுத்தினாலோ பழுப்பிலையும் பழக்கொட்டையும் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடுக்கில் விழுந்து, சில வண்டிகளில் ஏசி புளோயர் வரை போய்விடும். பிறகு காற்றைப் போட்டாலே 'பொருபொரு'. புளோயரை நிறுத்தியதும் சத்தம் நின்றால் மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை. சீமைக்கருவேல் முள்ளைப் பற்றியும் கேட்பார்கள். முள் சத்தம் போடாது. உள்ளே ஒடிந்து கிடந்து, ராத்திரியோடு ராத்திரியாகக் காற்றை இறக்கிவிடும். இந்த வட்டாரத்தின் மிக ஆபத்தான ஒலி இந்த ஒலியின்மைதான்.

மிகுதியும் கிடைப்பவை உள்நாட்டு ஒலிகள். டிக்கியில் சரியாக மாட்டாத ஜாக்கி, குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கக் கொண்டுபோய்த் திரும்ப எடுக்க மறந்த கரண்டி, கதவுப் பையில் சில்லறை, சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டில். பட்டறைக்குப் போகுமுன் வண்டியைக் காலிசெய்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய் வரை மிச்சம் பிடிக்கும். பாட்டிலை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும். அது உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தால் சத்தம் நின்றுவிடும், வண்டி நிற்காது.

அம்பாசிடரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பெரியவர்கள் மன்னிக்கமாட்டார்கள். 1957இல் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழியில் பிறந்த அதன் உற்பத்தி 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் நின்றது. ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும் என்ற கேலி நியாயமற்றது. ஹாரனும் நன்றாகவே கேட்கும். இனி மின்சாரக் கார்தானே என்றால், அதில் எஞ்சின் ஓசை இல்லாததால் இதுவரை மறைந்திருந்த டயரும் காற்றும் லிங்க் ராடும் தெளிவாகக் கேட்கும். டீக்கடைப் பள்ளிக்கு வேலை குறையாது.

கருவிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1816இல் பாரிஸில் லெனெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படிப் பிறந்தது. நம் பட்டறையில் நீளத் திருப்புளியின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதெலும்பிலும் வைத்துக் கேட்கிறார்கள். தத்துவம் ஒன்றுதான். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இதைச் செய்யாமல் இருந்தால் போதும். பரவலாகப் புழங்கும் இன்னொரு கருவி பாட்டுப்பெட்டி. சத்தம் வந்ததும் இளையராஜாவைக் கூட்டிவைப்பார்கள். அது மயக்க மருந்து, வைத்தியமாகாது.

எல்லாச் சத்தமும் நோயும் அல்ல. வண்டியை நிறுத்தியபின் அடியில் 'டிக்… டிக்' என்பது சூடான சைலன்சர் குளிர்ந்து சுருங்குவது. மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கத்தி, சற்று நேரத்தில் அடங்குவது பனி ஈரம். அடங்காவிட்டால் பெல்ட்டை மாற்றலாம். இவற்றுக்கு நேர் எதிரானது ஒன்று உண்டு. பல கார்களின் பிரேக் பேடில் ஒரு சிறு தகட்டை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் 'கீச்' என்று கத்தும். தேய்மானத்தைச் சொல்வதற்கென்றே நமக்காகப் படைக்கப்பட்ட சத்தம் அது. அதைத்தான் நாம் பாட்டுப் போட்டு அமுக்குகிறோம்.

ஆகவே வாசகர்களுக்கு இவ்வாய்வாளரின் வேண்டுகோள்: டொக், லொடக், சரசர எதுவாக இருந்தாலும் எப்போது வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு நிதானமாகப் பட்டறைக்குப் போங்கள். பிரேக் போடும்போது 'கீச்' போய் 'நறநற' வர ஆரம்பித்துவிட்டால், இரும்பும் இரும்பும் உரசுகிறது என்று அர்த்தம். அந்த வண்டியை எடுத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பாதீர்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் நிறைய இருக்கிறது.