சதியிலும் இட ஒதுக்கீடு இல்லை

அந்தக் கால ஹாலிவுட் சதிப் படங்களில் நாட்டைக் கவிழ்ப்பவர் வெள்ளைக்காரர், காப்பாற்றுபவரும் வெள்ளைக்காரர். மற்றவர்களை நாசவேலைக்குக்கூட எடுக்க மாட்டார்கள்.

1962-இல் வந்த ‘தி மஞ்சூரியன் கேண்டிடேட்’டில் அமெரிக்கச் சிப்பாய்களை மூளைச்சலவை செய்பவர் ஒரு சீன டாக்டர். ஆசியர் ஒருவர் பிழைத்தார் என்று பார்த்தால், அவர் நியூஜெர்சியில் பிறந்த கை டீ. சொட்டு சீன ரத்தம் கிடையாது. கொரிய வேலைக்காரராக வருபவர் நியூயார்க்கின் ஹென்றி சில்வா. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மூளைச்சலவையான கருப்புச் சிப்பாயின் கனவில் வரும் சீமாட்டிகள் எல்லாரும் கருப்புப் பெண்கள். சதிகாரர்களுக்கு இருந்த அந்த நாகரிகம் ஸ்டூடியோக்காரர்களுக்கு இல்லை.

‘த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டர்’ (1975) படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் மதியச் சாப்பாடு வாங்கப் போன நேரத்தில் அலுவலகத்தையே சுட்டுத் தள்ளுகிறார்கள். காதலியாக வரும் சீன வம்சாவளி நடிகை டீனா சென்னும் காலி. நாயகன் துப்பாக்கியைக் காட்டி ஃபே டன்னவேயைக் கடத்துகிறார், அப்படியே கட்டிலுக்கும் போய்விடுகிறார். படமே மூன்று நாள், பதினாறாம் நாள் காரியம் வரை பொறுக்க முடியுமா? மூல நாவலிலாவது ஆறு நாள் இருந்தது.

நிஜச் சதியின் கதை இன்னும் மோசம். 1972 ஜூன் 17 அதிகாலை, எதிர்க்கட்சி அலுவலகத்தை ஒட்டுக்கேட்க ஆட்கள் நுழைந்திருந்த வாட்டர்கேட் கட்டடத்தின் கதவுத் தாழ்ப்பாளில் டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் போலீஸைக் கூப்பிட்டவர் ஃபிராங்க் வில்ஸ் என்ற 24 வயதுக் கருப்பினக் காவலாளி. அந்தக் கதையைப் படமாக்கிய ‘ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்’னில் அவரே அவராக நடித்தார். டேப்பைப் பார்த்தார், போய்விட்டார். மீதி இரண்டு மணி நேரமும் நிருபர்களாக வரும் ரெட்ஃபோர்டும் ஹாஃப்மனும் போன் பேசுகிறார்கள். அவர்களுடைய பத்திரிகையின் முதலாளியம்மா கேத்தரின் கிரஹாமுக்கு அதுவும் இல்லை, தலையே காட்டவில்லை.

இதற்கெல்லாம் பதில் 1973-லேயே வந்துவிட்டது: ஐவன் டிக்சன் இயக்கிய ‘தி ஸ்பூக் ஹூ சாட் பை தி டோர்’. கருப்பர் ஓட்டுக்குப் பயந்த ஒரு செனட்டர் பாகுபாடு என்று கிளப்பிவிட, சிஐஏ ஒரே ஒரு கருப்பரைத் தேர்ந்தெடுக்கிறது. கொடுத்த வேலை ஜெராக்ஸ் எடுப்பது. வருகிற விருந்தாளிகளுக்கு ‘பாருங்கள், எங்களிடமும் ஒருவர் இருக்கிறார்’ என்று காட்டுவார்கள். மனிதர் கொரில்லாப் போர் முறை அத்தனையும் கற்றுக்கொண்டு, ராஜினாமா செய்துவிட்டு, சிகாகோவுக்குத் திரும்பித் தெருப் பையன்களைப் படையாகத் திரட்டுகிறார். அரண்டுபோனது யாரோ, படம் சீக்கிரமே தியேட்டரை விட்டுக் காணாமல் போனது.

அதில் அந்தப் படை ஒரு வங்கியைக் கொள்ளையடிக்கும். தோல் வெளுத்த பையன்களாகப் பார்த்து அனுப்புவார்கள். கொள்ளையர் வெள்ளைக்காரர்கள் என்றே செய்தியில் சொல்லிவிடுவார்கள்.