நாலு வரி போதும்டா பேராண்டி

வாடா. எடைக்குப் போட வச்சிருந்த 486 கம்ப்யூட்டர் பெட்டியைச் சிம்மக்கல்லுல காசு குடுத்து வாங்கிட்டு வந்தியாமே. திருமங்கலம் பூராம் அதே பேச்சுதான். மடியில வச்சுக்கிட்டு வந்தியாம், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டோட விட்டுட்டாராம். நல்ல மனுசன்.

இப்ப அதுக்கு மெனு வேணுமாக்கும். ஸ்விட்சைப் போட்டா கருப்புத் திரையில சி டிரைவ் மட்டும் கண்ணைச் சிமிட்டுறது தொரைக்குப் பிடிக்கல. மொதல்ல மூடியைக் கழட்டுய்யா. போர்டுல நீலக் கலர்ல உருளையா ஒரு பேட்டரி இருந்து, அது பச்சை பூத்திருந்தா, அந்தக் கசிவு தாமிரக் கோடுகளையெல்லாம் தின்னுரும். அதைப் பிடுங்கிப் போட்டுட்டு மெனுவுக்கு வா.

டாஸ்ஷெல் போடுறேங்குற. 1988-ல டாஸ் 4 கூட வந்த சரக்கு, பாக்க லட்சணமாத்தான் இருக்கும். ஆனா நீ எந்தப் புரோகிராமைத் தொறந்தாலும், அது நினைவகத்துல ஒரு ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு நகராது. "4 எம்பி இருக்கு தாத்தா"ன்னு நெஞ்சை நிமித்தாத. சாதா டாஸ் புரோகிராம் பொழைக்கிறது மொத 640 கேபிக்குள்ளதான். பேட்ச் ஃபைல் ஒண்ணு எழுதிக்க, அது இடத்தைக் கேக்காது. திரையைத் துடை, மூணு புரோகிராம் பேரை எழுது, நம்பரைக் கேளு, அங்கிட்டுப் போ. அம்புட்டுத்தான்.

நம்பர் கேக்க சாய்ஸ்னு ஒரு கட்டளை, 1993-ல டாஸ் 6-ல வந்துச்சு. எர்ரர்லெவல்ங்குற நம்பரா பதில் சொல்லும். இங்கதான் உன்னை மாதிரிப் படிச்ச பயலுக கவுந்தடிச்சு விழுவாங்க. "எர்ரர்லெவல் 1-ஆ"ன்னு கேட்டா, ஒண்ணு இல்ல ஒண்ணுக்கு மேல எதுவா இருந்தாலும் ஆமாங்கும். "ஒரு ஏக்கராவது இருக்கா"ன்னு கேட்டா அஞ்சு ஏக்கர்காரனும் கையைத் தூக்குவான்ல? அதனால மூணை மொதல்ல கேளு, அப்புறம் ரெண்டு, கடைசியில ஒண்ணு. மாத்திக் கேட்டா எந்த நம்பரை அமுக்குனாலும் ஒண்ணாவதுதான் ஓடும். நீ பெட்டிக்குப் பேய் பிடிச்சிருச்சுன்னு பாண்டி கோயிலுக்குக் கெளம்பிருவ.

வேர்ட்ஸ்டாரை அதோட டைரக்டரிக்குள்ள போயித் தொற. இல்லேன்னா அதோட துணை ஃபைலைக் காணோம்னு மொனகும். ஒரு பேட்ச் இன்னொரு பேட்சைக் கூப்பிட்டா முன்னாடி கால்-னு போடு. போடலேன்னா போனது போனதுதான், மெனுவுக்குத் திரும்பாது. கடைசியா, பெட்டியைப் போட்டதும் தானா ஓடுற ஆட்டோஎக்ஸெக்.பேட்டோட அடியில மெனுன்னு ஒரு வரி. அதைத் தொடுறதுக்கு முன்னாடி ஃப்ளாப்பியில ஒரு நகல் எடு. தப்பாப் போச்சுன்னா, டாஸ் 6-ல பூட் ஆகும்போதே எஃப்5-ஐ அமுக்கு. அந்த ஃபைலைத் தாண்டிப் போயிரும். எங்க இன்ஸ்டிடியூட்டுல டைப்ரைட்டருக்குப் பக்கத்துல கம்ப்யூட்டர் வந்த காலத்துல இம்புட்டும் கரும்பலகையில எழுதிப் போட்டோம். எவன் படிச்சான்?

மெனுவுல தமிழ் வேணும்னு அடம் பிடிக்காத. டாஸ்ல தமிழ் எழுதணும்னுதான் கனடாவுல இருந்த சீனிவாசன் 1980-கள்ல ஆதமின்னு தனியா ஒரு மென்பொருளே செஞ்சாரு. அதுக்கு வெளிய வந்துட்டா இங்கிலீஷ் எழுத்துதான்.

சரி, எந்த மூணை வைக்கப் போற? ஒண்ணாவது டிபேஸ்ல மொய்க் கணக்குன்னு வையி. இன்னிக்கு உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதுறவங்களே லேப்டாப்பும் பிரிண்டருமா உக்காந்திருக்காங்க. உங்க அப்பத்தாளும் நீ பெரிய வேலை பாக்குறதா நம்பும். ரெண்டாவது வேர்ட்ஸ்டார், ஒப்புக்கு. மூணாவது பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, எனக்குத் தெரியும்டா. அந்தப் பேரை அப்படியே போட்டுறாத. இங்கிலீஷ் எழுத்துல "வரவு செலவு"ன்னு போடு. சாயங்காலம் நானும் வந்து கொஞ்ச நேரம் கணக்குப் பாக்குறேன்.